மலையடிவாரத்தில் ஐந்து நாள் ஒடுக்கம்: மனவலிமையும் துணிவும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மருத்துவாழ்மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு தென்னந்தோப்பு வீட்டில், நாங்கள் சிலர் ஆண்டுக்கு மூன்று முறை ஐந்து நாள் ஒடுக்கம் நடத்தி வருகிறோம். ஒரு முறைக்கு 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டை ஆகிய ஊர்களிலிருந்தும், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்தும் தமிழ் பேசுபவர்கள் வருகிறார்கள். வருவதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவை. பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், அந்தக் கேள்விகளுக்கு இதுவரை வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுத்தில் தருகிறேன்.

தியான முகாம் என்று சொல்லாமல் ‘ஒடுக்கம்’ என்று ஏன் சொல்கிறீர்கள்?

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. இந்த மாவட்டத்துக் கத்தோலிக்கர்கள் ‘ஞான ஒடுக்கம்’ என்ற சொல்லை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அன்றாட வேலைகளிலிருந்து சில நாட்கள் விலகி, செபத்திலும் மௌனத்திலும் இருப்பதற்கு அது பெயர். ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதைப் போல, வெளியே ஓடிக்கொண்டிருக்கும் மனத்தை உள்ளே கூட்டிக்கொள்வதை அந்தச் சொல் அழகாகக் காட்டுகிறது.

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒடுங்குவது தன்வினை, ஒடுக்குவது பிறவினை. வகுப்பில் இந்த இலக்கணத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன்; அதன் பொருளை வாழ்க்கையில்தான் பின்னர் புரிந்துகொண்டேன். என் கணவர் இறந்த அடுத்த ஆண்டு, குடும்பச் சொத்தைப் பிரிப்பதற்காக உறவினர்கள் கூடிய அறையில், நான் வாய் திறக்காமல் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். வீட்டின் மூலையில் அடுத்த பல மாதங்கள் நான் உட்கார்ந்திருந்ததும் ஒரு தனிமைதான். ஆனால் அது பிறர் என்னை ஒடுக்கியதால் வந்தது. நானாக விரும்பி, நாள் குறித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒடுங்கியிருந்தபோதுதான் என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியக்கூடும். உள்ளிருப்பவருக்கு மூச்சிலேயே வேறுபாடு தெரியும்.

ஐந்து நாட்களில் என் பயம் போய்விடுமா?

போகாது. போய்விடும் என்று யாராவது உறுதி கூறினால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பயம் உடலின் காவல். ஆபத்து என்று மூளை கருதும்போது அட்ரீனலின் சுரந்து, இதயம் விரைந்து துடித்து, உள்ளங்கை வியர்க்கிறது. கடலில் காற்று மாறும்போது பயப்படாத மீனவர் நெடுநாள் பிழைப்பதில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்பது நம் முன்னோர் கற்பித்த பாடம். நம்மைச் சுருக்கிவிடுவது பயம் வருவது அன்று. பயம் வந்தவுடன் எழுந்து ஓடிவிடும் பழக்கம்தான். ஓடும் ஒவ்வொரு முறையும், அந்தப் பொருள் உண்மையிலேயே தாங்க முடியாதது என்று மனம் ஒரு கணக்கை எழுதிக்கொள்கிறது. ஓடாமல் அதே இடத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டால், துடிப்பு உச்சத்திற்குச் சென்று தானாகத் தணிவதை நாமே காண்கிறோம். அப்படிப் பலமுறை கண்டவருடைய கணக்கு மெல்ல மாறுகிறது.

ஆகவே துணிவு என்று நாங்கள் சொல்வது, பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்யும் ஆற்றலை. மனவலிமை என்பது, பயத்தோடு ஒரே பாயில் உட்கார்ந்திருக்கத் தெரிவது. ஐந்து நாட்களில் அதன் தொடக்கம் கிடைக்கும்.

இதற்கு ஏன் இந்த மலையடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் பகுதியில், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில் பொற்றையடிக்கு அருகே இந்த மலை நிற்கிறது. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த ஒரு துண்டு இது என்று ஊரார் சொல்வார்கள்; மூலிகைகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் நாங்கள் இங்கு வந்ததற்கு மூலிகை காரணம் அன்று. இந்த மலையைச் சுற்றிய சிறிய நிலப்பரப்பில், தனிமையில் ஒடுங்கியிருந்தவர்கள் எழுந்து வந்து என்ன செய்தார்கள் என்ற வரலாறு கிடக்கிறது. அதை வருபவர்களுக்கு நாங்கள் முதல் மாலையிலேயே சொல்லிவிடுகிறோம்.

இம்மலையிலுள்ள பிள்ளைத்தடம் குகையில் ஸ்ரீ நாராயண குரு தவமிருந்தார். தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் கற்றவர் அவர். தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். குகையிலேயே அவர் இருந்துவிட்டிருந்தால் நம் பகுதியில் இன்னொரு சித்தராக மட்டும் நினைக்கப்பட்டிருப்பார். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், களியக்காவிளை எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தம் கையாலேயே சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் பிறந்த ஈழவ சமூகத்தினருக்கு அந்த உரிமை கிடையாது என்று அனைவரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கையில் ஆயுதமோ கூட்டத்தின் கூச்சலோ இல்லை. நெடுநாள் தனித்திருந்து தன் உள்ளத்தில் உறுதி செய்துகொண்ட ஒன்றை, நடுக்கமில்லாமல் கையால் செய்துகாட்டினார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்தில் அங்கு அவர் பொறித்து வைத்த வரிகள் இன்றும் உள்ளன.

மலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சாமித்தோப்பு இருக்கிறது. 1809இல் அங்கு பிறந்த முத்துக்குட்டி, கடும் நோயுற்ற நிலையில் திருச்செந்தூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1833இல் கடலுக்குள் சென்று வைகுண்டராக வெளிவந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களின் நம்பிக்கை. அதன்பின் அவர் ஆறு ஆண்டுகள் தவமிருந்தார்: முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழியில், அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில், கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த மேடையில். அவர் தவமிருந்த இடம் இன்று வடக்கு வாசல் என வணங்கப்படுகிறது. குழியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து மேடைக்கும் ஒருவர் எழும்பி வரும் அந்த வரிசையை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வரியும் கூலியில்லா ஊழியமும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் முதுகை முறித்துக்கொண்டிருந்த திருவிதாங்கூர் ஆட்சியில் அவர் சிறைப்பட்டு, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 110 நாட்கள் இருந்ததாக, அய்யாவழி வழிபாட்டுத் தலங்களான பதிகளில் சொல்கிறார்கள். திரும்பி வந்தபின், ஏறத்தாழ 700 குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். தம் துணியைத் தாமே துவைத்து, நாள்தோறும் நீராடி, ஒரு வேளை மட்டும் உண்டு, அவர்கள் ஒன்றாக வழிபட்டார்கள். குடும்பம் குடும்பமாக மேற்கொண்ட ஒடுக்கம் அது. தலையில் துண்டு கட்டும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த ஆண்கள், பதிகளில் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடியின் முன் நின்று வணங்கினார்கள். இன்றும் அப்படித்தான் வணங்குகிறார்கள். குனிந்து பழகிய ஒருவர் தலைப்பாகையோடு தன் முகத்தைத் தானே நிமிர்ந்து பார்ப்பதைவிடச் சிறந்த துணிவுப் பயிற்சியை நான் எங்கும் கண்டதில்லை.

கன்னியாகுமரிக் கடற்பாறையில் 1892 டிசம்பரில் தியானத்தில் அமர்ந்த விவேகானந்தரை எல்லோரும் அறிவீர்கள் என்பதால் விரிக்கவில்லை. அங்கிருந்து அவர் எழுந்து சென்றதும் நாட்டின் ஏழைகளைப் பற்றிய சிந்தனையோடுதான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் / இஸ்லாமியர்கள். வரலாமா?

தாராளமாக வரலாம். நாங்கள் எந்த மந்திரத்தையும் சொல்லச் சொல்வதில்லை, எந்த உருவத்தையும் வணங்கச் சொல்வதில்லை. மாலையில் ஒரு விளக்கு ஏற்றுவோம். அவரவர் வழிபாட்டை அவரவர் முறைப்படி செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் சென்றுவர விரும்புபவர்கள் முதலிலேயே சொன்னால் வண்டி ஏற்பாடு செய்து தருவோம்.

இந்த மண்ணில் துணிவு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்று, பின்னர் பிடிபட்டு, ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பா, எல்லைக்கு அப்பாலுள்ள பீர்மேட்டு மலையில் தனித்திருந்து தவம் செய்ததாகவும், அந்த மலைக்கு அவராலேயே பெயர் வந்ததாகவும் சொல்லப்படுகிறது. தக்கலையில் அவருடைய ஆண்டு விழாவின்போது மக்கள் இரவு முழுவதும் அவருடைய தமிழ்ப் பாடல்களைப் பாடுகிறார்கள். ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் பள்ளிவாசலிலேயே தங்கி வழிபடும் இஃதிகாஃப் இருந்து பழகியவர்களுக்கு எங்கள் ஒடுக்கம் புதிதாகத் தோன்றுவதில்லை என்று வந்துபோன நண்பர் ஒருவர் கூறினார்.

ஒரு நாள் எப்படிச் செல்லும்?

அதிகாலை 5 மணிக்கு எழுந்து, கிணற்று நீரில் குளித்து, அரைமணி நேரம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருப்போம். உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக விடுவதே நாங்கள் கற்றுத்தரும் ஒரே மூச்சுப் பயிற்சி. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. நடுங்கும் ஒருவர் எந்த இடத்திலும் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்துகொள்ளலாம். மூச்சை அடக்கும் கடினமான பயிற்சிகளை நாங்கள் செய்வதில்லை.

பிறகு வேலை. தோப்பில் ஓலை பொறுக்குவது, வாழைக்குத் தண்ணீர் விடுவது, முற்றம் பெருக்குவது, அவரவர் துணியை அவரவரே துவைப்பது. மௌனத்தை மட்டும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த வேலைகள் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கல்லில் துணியை அடித்துத் துவைக்கும்போது வெளிவரும் கோபத்தையும் அழுகையையும் நான் கண்ணால் பார்த்திருப்பதால், அந்த நேரத்தைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன்.

முற்பகலில் ஒவ்வொருவரும் தனியே அமர்ந்து ஒரு நோட்டில் எழுதுவார்கள். முதல் முறை எழுதும்போது, தாம் எதற்கெல்லாம் பயப்படுகிறோம் என்று எழுத வேண்டும். அடுத்த முறை, அந்தப் பயத்தின் பொருட்டு எவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்தோம் என்று எழுத வேண்டும். இந்த இரண்டாவது பட்டியல் கனமானது. அதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. நாங்களும் கேட்க மாட்டோம். கஞ்சி குடித்து ஓய்வெடுத்தபின் மாலையில் மலைப்பாதையில் சிறிது தூரம் மெதுவாக நடப்போம். முட்டுவலி உள்ளவர்கள் தோப்பிலேயே நடக்கலாம்.

நான்காம் இரவு மட்டும் சற்று வேறுபட்டது. ஒவ்வொருவரும் தோப்பில் தனக்குரிய இடத்தில் ஒரு மணி நேரம் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் எங்களில் ஒருவர் இருப்பார். பாம்பு முதலியவற்றுக்காக இடத்தை முன்பே சுத்தம் செய்து பாய் விரித்து வைப்போம். விருப்பமில்லாதவர்கள் திண்ணையில் உட்காரலாம், அதில் குறை ஒன்றுமில்லை. ஒருமுறை திருமணமான இளம்பெண் ஒருத்தி மூன்று முறை, “டீச்சர், அங்கதான இருக்கீங்க?” என்று குரல் கொடுத்தாள். மூன்று முறையும், “இருக்கேன் மக்களே” என்றேன். நான்காவது முறை அவள் கூப்பிடவில்லை. அந்தக் கடைசி இருபது நிமிடங்களைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முகத்தைப் பார்த்தபோது சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மௌனம் கட்டாயமா? கைபேசி வைத்திருக்கலாமா?

காலை எழுந்ததிலிருந்து மதிய உணவு வரை பேச்சு இல்லை. மற்ற நேரத்தில் தேவைக்குப் பேசலாம். கைபேசிகளை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். மாலையில் 15 நிமிடங்கள் வீட்டாரோடு பேசலாம். அவசரத்துக்கு எங்கள் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். குழந்தையையோ முதிய பெற்றோரையோ விட்டுவிட்டு வரும் ஒருவரை ஐந்து நாட்கள் முழுவதும் செய்தி தெரியாமல் வைத்திருப்பது தவமாகாது என்பது என் கருத்து.

முதல் இரண்டு நாட்களில் மனம் இன்னும் மோசமாகிவிடுகிறது என்கிறார்களே?

உண்மைதான். வெளிச்சத்தம் நின்றவுடன் உள்ளே இருந்த சத்தம் கேட்கத் தொடங்குகிறது. பழைய அவமானங்கள், இறந்தவர்களின் முகங்கள், தீராத சண்டைகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டாம் நாள் பிற்பகலில் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட நினைப்பவர் ஒவ்வொரு முறையும் ஒருவராவது இருப்பார். நாங்கள் தடுப்பதில்லை, ஒரு சுக்குக் காப்பி குடித்துவிட்டு மறுநாள் காலையில் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்வோம். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தபின் பெரும்பாலானோர் தங்கிவிடுகிறார்கள். காலையிலும் போக விரும்பினால் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவோம்.

மனநலத்துக்காக மாத்திரை சாப்பிடுகிறேன். நான் வரலாமா?

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் எங்களிடம் அதைத் தெரிவித்துவிட்டு, மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைப்பது ஆபத்தானது. நீண்ட மௌனமும் தூக்கக் குறைவும் சிலருடைய பதற்றத்தைக் கூட்டிவிடும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யவும் கூடும். அப்படிப்பட்டவர்களை நாங்கள் ஏற்காமல் இருப்பது அவர்கள்மீதுள்ள அக்கறையால்தான்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் எங்கள் அடுத்த ஒடுக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அது அரசின் கட்டணமில்லாச் சேவை. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். உதவி கேட்பதற்கும் பெரிய துணிவு வேண்டும். அதைச் செய்தவரை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.

பெண்கள் தனியாக வரலாமா? வீட்டில் அனுமதி கிடைக்குமா என்று தெரியவில்லை.

வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தங்கும் அறைகள் தனித்தனி; இரவில் பெண்கள் பகுதியில் நானும் இன்னொரு அக்காவும் இருப்போம். மாதவிலக்கு நாட்களில் எந்தத் தடையும் இல்லை.

வீட்டில் அனுமதி பெறுவது பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. திருத்தலப் பயணம் என்றால் உடனே அனுப்பிவைக்கும் வீடுகள், ஒரு பெண் ஐந்து நாட்கள் தனக்காக ஒதுங்கியிருக்கப் போகிறேன் என்றால் தயங்குகின்றன. பொய் சொல்லி வராதீர்கள். “எனக்கு ஐந்து நாள் வேண்டும்” என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்வதையே உங்கள் முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். கணவரோ மாமியாரோ நேரில் வந்து இடத்தைப் பார்க்க விரும்பினால் அழைத்து வாருங்கள். நாங்கள் காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவோம்.

விரதம் இருக்க வேண்டுமா? சாப்பாடு எப்படி?

விரதம் கட்டாயமில்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் கருவுற்ற பெண்களும் விரதம் இருக்கவே கூடாது. காலையில் இட்லி அல்லது அவித்த மரச்சீனிக் கிழங்கு, மதியம் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் தேங்காய்த் துவையலும், மாலையில் கருப்பட்டிக் காப்பியும் மட்டிப்பழமும், இரவில் எளிய உணவு. வயிறு காய்ந்தால் மனம் கஞ்சியையே நினைத்துக்கொண்டிருக்கும்; பயத்தைப் பார்க்க அதற்கு நேரம் இருக்காது.

ஏன் ஐந்து நாட்கள்? சபரிமலைக்கு 41 நாள் விரதம் இருக்கிறோமே?

ஒரு மண்டல விரதம் வீட்டிலும் வேலையிலும் இருந்துகொண்டே கடைப்பிடிப்பது. அதன் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. விபாசனா தியான வகுப்புகள் பத்து நாட்கள். இயேசு சபையை நிறுவிய இக்னேசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சி முழுமையாக 30 நாட்கள். தினக்கூலிக்குப் போகிறவரும், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைக்காதவரும் வர வேண்டும் என்பதற்காகவே நாங்கள் ஐந்தில் நிறுத்தினோம். முதல் இரண்டு நாட்கள் கலக்கத்தில் போவதால், மூன்று நாளுக்குக் குறைத்தால் பயன் இல்லை.

எந்த மாதம் வருவது நல்லது?

தை, மாசி மாதங்கள் இதமானவை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இரவெல்லாம் ஓலையை உலுக்கும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். சத்தத்துக்கு எளிதில் திடுக்கிடுபவர்கள் முதல் முறை மாசியில் வருவது நல்லது.

கட்டணம் எவ்வளவு? ஆன்மிக முகாம்களில் ஏமாற்றுவதாகக் கேள்விப்படுகிறோமே?

கட்டணம் இல்லை. முற்றத்தில் ஒரு மண்பானை இருக்கும். இயன்றவர்கள் இயன்றதை இடலாம், யார் எவ்வளவு இட்டார்கள் என்று பார்ப்பதில்லை.

ஏமாற்றம் பற்றிய கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். கணவர் இறந்தபின் நான் முதன்முதலில் சென்றது வேறோர் ஊரிலிருந்த ஒரு பெரிய முகாமுக்கு. அங்கு மூன்று இரவுகள் சரியாகத் தூங்க விடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் நம் துயரத்தைச் சொல்லி அழ வேண்டும். அழாதவர்களை, “நீங்கள் இன்னும் திறக்கவில்லை” என்று மீண்டும் மேடையேற்றினார்கள். கடைசி நாள், மனம் இளகி நின்ற நேரத்தில் நன்கொடைப் படிவத்தை நீட்டினார்கள். என் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் பத்து நாட்கள் பெரிய பலம் வந்ததுபோல் இருந்தது. பிறகு முன்பைவிடத் தளர்ந்துபோனேன். அந்தப் பலம் கூட்டத்தினுடையது, என்னுடையது அன்று என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே எந்த இடத்துக்குச் சென்றாலும் சிலவற்றைப் பாருங்கள்: நினைத்த நேரத்தில் வெளியேற முடிகிறதா, போதுமான தூக்கம் கிடைக்கிறதா, மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா, வீட்டாரிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்களா, நடத்துபவரைக் கேள்வி கேட்டால் அவர் முகம் மாறுகிறதா. கேள்வி கேட்கவே அஞ்ச வேண்டிய இடத்தில் துணிவை எப்படிக் கற்றுக்கொள்ள முடியும்? எங்களையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள்.

திரும்பிப் போனபின் இந்த வலிமை நிலைக்குமா?

இதுவே மிக முக்கியமான கேள்வி; பலர் இதைப் புறப்படும்போதுதான் கேட்கிறார்கள். மலையடிவாரத்தில் அமைதியாக இருப்பது கடினமன்று. பேருந்து நாகர்கோவில் வடசேரி நிலையத்துக்குள் நுழையும்போதே பாதி அமைதி கரைந்துவிடும். அதனால் ஐந்தாம் நாள் காலையில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறிய செயலைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அது ஏழு நாட்களுக்குள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பயம் தருவதாக இருக்க வேண்டும். ஆனால் ஆபத்தானதாக இருக்கக்கூடாது. வேலையிடத்தில் ஒரு கேள்வி கேட்பது, நீண்ட நாள் தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனைக்குச் செல்வது, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பது, கடன் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்வது என, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அடிக்கும் கணவரோடு வாழும் பெண்ணுக்கு, “துணிந்து எதிர்த்துப் பேசு” என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். அவருக்கு வேண்டியது பாதுகாப்பும் சட்ட உதவியும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதே அவர் தேர்ந்தெடுக்கும் செயலாக இருக்கலாம்.

நான் செய்த செயலையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கையெழுத்து வாங்கிய அதே உறவினர் வீட்டுக்குச் சென்று, பத்திரத்தின் நகல் வேண்டும் என்று கேட்டேன். கால் நடுங்கியது, வெளிமூச்சை நீட்டிக்கொண்டே நின்றேன். “அண்ணே, நகல் தந்தாத்தான் போவேன்” என்று சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நிலம் முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. கிணற்றுப் பக்கத்து ஐந்து சென்ட் மட்டும் கிடைத்தது. ஆனால் அன்று நகலோடு படியிறங்கிய நான், கையெழுத்திட்டுவிட்டு அதே படியில் இறங்கியவள் அல்ல.

எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் கூட்டாளிகளை இழந்து கரை சேர்ந்த ஒரு மீனவர், அதன்பின் கடலைப் பார்க்கவே முடியாமல் இருந்தார். மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டே, அவருடைய சம்மதத்தோடு எங்களிடம் இருமுறை வந்தார். அவர் தேர்ந்தெடுத்த செயல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பது. அதைச் செய்ய அவருக்கு ஏழு நாள் போதவில்லை, ஏழு மாதம் ஆயிற்று. அவர் மீண்டும் வள்ளம் ஏறவில்லை. கரையில் வலை பின்னுகிறார். சிலர் அதைத் தோல்வி என்கிறார்கள். கூட்டாளிகளுக்காகக் கடலோரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில் அவர் இப்போது முன்வரிசையில் நிற்கிறார் என்பதை அறிந்த நான், அப்படிச் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஐந்து நாள் விடுப்பே கிடைக்காது. வீட்டிலிருந்தே செய்ய முடியுமா?

முடியும். வாரத்தில் ஒருநாள், வீட்டார் எழுவதற்கு முன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். பத்து நிமிடம் மூச்சு, இருபது நிமிடம் அந்த இரண்டு பட்டியல்கள், மீதி நேரம் உங்கள் துணியை நீங்களே கையால் துவைப்பது. துவைக்கும் இயந்திரம் இருந்தாலும் அன்று ஒரு சட்டையையாவது கையால் துவையுங்கள். அந்த வாரம் செய்ய வேண்டிய சிறிய செயலை ஒரு தாளில் எழுதி, அடுத்த வாரம் அதே நேரத்தில் எடுத்துப் பாருங்கள். இயன்றால் நம்பிக்கையான ஒருவரிடம், “இன்று இதைச் செய்யப் போகிறேன்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் ஒருவர் இருப்பது தோப்பில் எவ்வளவு தேவையோ, வீட்டிலும் அவ்வளவு தேவை.

என்னென்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, டார்ச் விளக்கு, வழக்கமான மருந்துகள், 80 பக்க நோட்டு, பேனா. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் பேருந்தில் ஏறிப் பொற்றையடியில் இறங்கினால், முதல் நாள் மாலை 4 மணிக்கு எங்களில் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார்.